மேட்டில் நின்றுவிடும் கதவு: மின்சாரக் கார், வேன் தானியங்கிக் கதவுகளுக்கு மலைநாட்டிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

நானுஓயா ஸ்டேஷன் வாசலில் ஒரு மழை மாலை. ரயில் தாமதம். வேனின் பின்சீட்டில் அத்தை போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். நான் முன்னால் ரேடியோவைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். ரயில் வந்து ஆட்கள் இறங்கியதும் பின்சீட்டுப் பக்கத்து ஸ்லைடிங் கதவின் பட்டனை அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அத்தை எழுந்து உள்கைப்பிடியை இழுத்தார். அதற்கும் திறக்கவில்லை. வேனோ முழு மின்சார வேன், ஸ்டேஷனுக்கு வரும்போது சார்ஜ் 70 சதவீதம் காட்டியது. இவ்வளவு சார்ஜ் இருக்கும்போது கதவு ஏன் திறக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. அத்தைக்கு வியர்க்கத் தொடங்கிவிட்டது. கடைசியில் முன்சீட்டுக்கு இடையால் நுழைந்து என் பக்கக் கதவால்தான் அவர் இறங்கினார். 68 வயது, முழங்கால் வலி வேறு.

அன்றைக்குக் கதவில் ஒரு கோளாறும் இல்லை. அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு இந்தக் கதவுகளைப் பற்றி கராஜ்களில் கேட்டும், கையேடுகளைப் படித்தும், எங்கள் வேனிலேயே செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமெல்லாம் மின்சாரக் கார்கள் கண்ணில் படுவது கூடிவிட்டது. தானாக ஓடும் ஸ்லைடிங் கதவு, தானாக எழும்பும் டிக்கி, உடம்போடு ஒட்டி மறையும் கைப்பிடி எல்லாம் அவற்றோடு வருகின்றன. மலைநாட்டில் இவை மக்கர் பண்ணுவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்றுதான்: சின்ன பெட்டரி, சரிவு, சேறு.

முதலில் தெரிய வேண்டியது: கதவுக்கு உயிர் கொடுப்பது எது

மின்சாரக் காரில் பெட்டரி இரண்டு. சக்கரத்தை ஓட்டும் பெரிய பெட்டரி சில நூறு வோல்ட். கதவு, பூட்டு, விளக்கு, கொம்பியூட்டர் எல்லாவற்றையும் நடத்துவது பெற்றோல் காரில் இருப்பது போன்ற சாதாரண 12 வோல்ட் பெட்டரி. காரை நிறுத்தி ஓஃப் செய்தால் பெரிய பெட்டரி பாதுகாப்புக்காகத் துண்டிக்கப்பட்டுவிடும். கார் ஓடத் தயாரான 'ரெடி' நிலையில் இருக்கும்போதும், சார்ஜ் ஏறும்போதும்தான் பெரியது சின்னதை நிரப்பும். சில கார்கள் நிறுத்தி வைத்திருக்கும்போதும் இடைக்கிடை தாமாக நிரப்பிக்கொள்ளும். எல்லாக் காரும் அப்படி இல்லை.

ரேடியோ மட்டும் பாடும் நிலையில் நான் காத்திருந்த ஒன்றரை மணி நேரமும் சின்ன பெட்டரி தனியாகத்தான் உழைத்தது. அது பழைய பெட்டரி வேறு. கதவு மோட்டார் இழுக்கும்போது வோல்ட் விழுந்தது, அது நின்றுவிட்டது. காத்திருக்கும்போது ரேடியோ, ஹீட்டர் தேவையென்றால் காரை 'ரெடி' நிலையில், பார்க் கியரில், ஹேண்ட்பிரேக் போட்டு வையுங்கள். கலியாண வீட்டு வாசலிலும் கோயில் திருவிழாவிலும் ஹயர் ஓடும் தம்பிமார் முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டுமில்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2021ஆம் ஆண்டு டெஸ்லா மொடல் வை கார்கள் சுமார் 174,000 பற்றி விசாரணை தொடங்கியது. சின்ன பெட்டரியின் வோல்ட் குறைந்ததும் வெளிக் கைப்பிடி வேலை செய்யாமல், பெற்றோர் வெளியே, பிள்ளை உள்ளே என்று மாட்டிக்கொண்ட முறைப்பாடுகள்தான் காரணம். சிலர் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். சீனாவில் 2027 ஜனவரி முதல் நடைமுறைக்கு வரும் விதி, கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் கையால் திறக்கும் வழி கட்டாயம் வேண்டும் என்கிறது. ஆனால் நம் வீதிகளில் இப்போது ஓடுபவை அந்த விதிக்கு முன்பே செய்யப்பட்டவை.

படி 1: கையால் திறக்கும் வழியை இன்றைக்கே கண்டுபிடியுங்கள்

கோளாறு வந்த பிறகு இதைத் தேடக் கூடாது. பகலில், சமதரையில், நிதானமாக ஒவ்வொரு கதவாகப் பாருங்கள்.

ஓட்டுநர் கதவு: ரிமோட் சாவிக்குள் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். பக்கத்துச் சிறு பட்டனை அழுத்தி இழுத்தால் வெளியே வரும். அது போகும் ஓட்டை பல கார்களில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும். ஒருமுறை திறந்து பூட்டிப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத பூட்டு மழையில் இறுகிப்போயிருக்கும்.

பின்கதவு: ஜப்பான் வேன்களின் ஸ்லைடிங் கதவை, பூட்டு திறந்திருந்தால், உள்கைப்பிடியை இழுத்துக் கையால் தள்ளலாம். ஆனால் பிள்ளைப்பூட்டு போட்டிருந்தால் உள்கைப்பிடி வேலை செய்யாது. எங்கள் வேனில் நடந்தது அதுதான்: மருமகனின் பிள்ளைகளுக்காகப் போட்ட பூட்டை யாரும் எடுக்கவில்லை. உள்ளே இருக்கும் பூட்டுக் குமிழை விடுவித்துவிட்டு நான் இறங்கிப் போய் வெளியிலிருந்து இழுத்திருந்தால் கதவு திறந்திருக்கும். அது தெரியாததால் அத்தை சீட்டுக்கு இடையால் நுழைய வேண்டியதாயிற்று.

பட்டனால் மட்டும் திறக்கும் கதவுள்ள கார்களில் கையால் திறக்கும் கம்பி வேறு இடத்தில் இருக்கும். முன்கதவில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தவர்கள் பின்கதவில் கதவுப் பையின் விரிப்புக்கு அடியிலோ, ஸ்பீக்கர் மூடிக்குப் பின்னாலோ வைத்திருக்கிறார்கள். டெஸ்லா மொடல் எக்ஸின் மேலே எழும்பும் கதவுக்கு ஸ்பீக்கர் மூடியைக் கழற்றித்தான் கேபிளை இழுக்க வேண்டும். ஒரே மொடலில் பின்கதவுக்கு இந்தக் கம்பி இருக்கும் வருடமும் உண்டு, இல்லாத வருடமும் உண்டு. ஆகவே உங்கள் காரின் கையேட்டைத்தான் நம்ப வேண்டும்.

டிக்கியையும் பாருங்கள். உள்பக்கத்தில் சிறு பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு நெம்பு இருக்கலாம். பின்சீட்டை மடித்தால் கை எட்டும்.

பிறகு வீட்டில் எல்லோரையும் ஒவ்வொரு சீட்டிலும் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு திறக்கச் சொல்லுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நம் மலைச்சரிவுகள் எப்படி இறங்கின என்று பார்த்தவர்களுக்கு இதன் அவசியத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி உடைக்கும் சுத்தியல் ஒன்று முன்சீட்டில் வைத்திருப்பது நல்லது. ஆனால் கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையையும் வாசியுங்கள். 'லாமினேட்டட்' என்று இருந்தால் அந்தச் சுத்தியலுக்கு அது உடையாது. 'டெம்பர்ட்' என்று இருக்கும் கண்ணாடி எது என்பதைத் தெரிந்து வையுங்கள்.

படி 2: பட்டன், பூட்டு, கியர்

கராஜுக்குப் போகும் முன் ஐந்து நிமிடம். தானியங்கிக் கதவுக்கான மெயின் சுவிட்ச் ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும். துடைக்கும்போது கைபட்டு ஓஃப் ஆகியிருக்கலாம். கார் பார்க் கியரில் இருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா, பிள்ளைப்பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரிமோட்டில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அதன் பொத்தான் பெட்டரியை மாற்றுங்கள், பெரும்பாலும் சி.ஆர்.2032. ஃபோன் ஆப்பால் திறப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: தோட்டப் பக்கம் பல வளைவுகளில் சிக்னல் இல்லை. சாவியையோ கார்டையோ வீட்டில் வைத்துவிட்டு ஃபோனை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

படி 3: சின்ன பெட்டரியை அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். கார் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு அளக்க வேண்டும். சாதாரண ஈய பெட்டரி என்றால் 12.6 வோல்ட் நிறைவு, 12.2 ஏறக்குறைய பாதி, 11.8க்குக் கீழே போனால் காலி. பிறகு ஒருவரைக் கதவின் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். கதவு ஓடும்போது வோல்ட் சட்டென்று 11க்குக் கீழே இறங்கினால் பெட்டரி தளர்ந்துவிட்டது. கதவைக் கழற்ற வேண்டாம். சில புதுக் கார்களில் 12 வோல்ட் பெட்டரியும் லித்தியம்தான். அது ஓய்ந்திருக்கும்போதே 13க்கு மேல் காட்டும். அதற்கு ஈய பெட்டரி சார்ஜரைப் போடாதீர்கள், கடையில் ஈய பெட்டரியை மாற்றிப் பொருத்தவும் விடாதீர்கள்.

குளிரில் ஈய பெட்டரியின் பலம் குறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லிலும் தேயிலைக் கொழுந்திலும் பனி உறைகிற இடம். இரவில் நல்லாயிருந்த கதவு காலை ஆறு மணிக்குத் தயங்கி, பத்து மணிக்கு மறுபடி ஒழுங்காக ஓடினால் பெட்டரியைச் சந்தேகப்படுங்கள். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேம், பிறகு பொருத்திய அலாரம், ஜி.பி.எஸ். கருவி எல்லாம் இரவு முழுக்க அதிலிருந்து குடித்துக்கொண்டிருக்கும். ஜப்பானிலிருந்து வந்த பழைய வாகனம் கப்பலிலும் துறைமுகத்திலும் வாரக்கணக்கில் நின்றிருக்கும். வாங்கியவுடன் இந்த பெட்டரியைச் சோதிப்பது நல்லது.

முழுக்கச் செத்துவிட்டால் ஒரு சிறு ஜம்ப் ஸ்டார்ட்டர் போதும். மின்சாரக் காருக்கு எஞ்சினைச் சுற்றும் வேலை இல்லை. கொம்பியூட்டர் விழித்தால் சரி. கையேட்டில் காட்டிய முனையில் சிவப்பு வயரையும், கறுப்பை உடம்பின் இரும்பிலும் பொருத்துங்கள். பிரேக்கை மிதித்து 'ரெடி' வரச் செய்தால் பெரிய பெட்டரி சின்னதை நிரப்பத் தொடங்கும். செம்மஞ்சள் நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள், அது உயர் அழுத்தம். உங்கள் மின்சாரக் காரிலிருந்து அடுத்தவருடைய பெற்றோல் காரை ஸ்டார்ட் செய்து கொடுக்கவும் வேண்டாம்.

படி 4: சரிவை வாசிக்கப் பழகுங்கள்

தட்டையான ஊர்க்காரர்களுக்கு இந்தப் படி தேவையே இல்லை. நமக்கு இதுதான் பாதி வேலை.

ஸ்லைடிங் கதவு பின்பக்கமாகத் திறந்து முன்பக்கமாக மூடும். மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் கதவு திறக்கும்போது பள்ளத்துக்கு விரைவாக ஓடும். மூடும்போது மோட்டார் முழுப் பாரத்தையும் மேட்டுக்கு இழுக்க வேண்டும். அப்போது பாதியில் நின்று திரும்பிப் போகும். மூக்கு பள்ளத்தைப் பார்த்தால் நேர்மாறு. திறக்கத் திணறும், திறந்த கதவு நிற்காமல் தானாக முன்னால் வந்து மூடப் பார்க்கும். இதுதான் ஆபத்தானது, இறங்கும் ஆளின் தோளிலும் காலிலும் வந்து விழும்.

கதவு ஏன் திரும்பிப் போகிறது? மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று ஒரு சிறு கொம்பியூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். வேகம் குறைந்து இழுவை கூடினால், யாருடைய கையோ நசுங்குகிறது என்று நினைத்துக் கதவைத் திருப்பிவிடும். சரிவில் கூடும் பாரமும் அதற்குக் கை மாதிரித்தான் தெரியும். அதனால் 'மேட்டில் மட்டும் மூடவில்லை, டவுனில் மூடுகிறது' என்றால் காசு செலவழிக்க வேண்டாம். ரம்பொடை ஏற்றத்திலும் ஹப்புத்தளைப் பக்கத்துச் சரிவுகளிலும் மெயின் சுவிட்சை ஓஃப் செய்துவிட்டு, நீங்களே இறங்கிப் போய்க் கையால் பிடித்துத் திறந்து மூடுங்கள். மோட்டார் விடுபட்டிருந்தால் கதவு இலேசாக ஓடும். இறங்க வேண்டியவர் வயதானவர் என்றால் இருபது முப்பது மீற்றர் தள்ளிச் சமமான இடத்தில் நிறுத்துவது இன்னும் நல்லது.

வீதியோரக் கானில் ஒரு சக்கரம் இறங்கி வண்டி முறுகி நின்றாலும் பூட்டு நேருக்கு நேர் பொருந்தாது. வண்டியை ஓர் அடி நகர்த்திவிட்டு மறுபடி மூடுங்கள்.

நம் ஆட்களுக்குப் பழைய வேன் பழக்கம் இன்னும் கையில் இருக்கிறது: ஏறியதும் கதவைப் பலமாக இழுத்து அடிப்பது. மோட்டார் ஒரு பக்கம் இழுக்க ஆள் இன்னொரு பக்கம் இழுத்தால் உள்ளே இருக்கும் கேபிள் நைந்து அறும். ஏறும் ஒவ்வொருவரிடமும் 'கைப்பிடியை ஒருதரம் இழுத்துட்டு விட்டுருங்க, அது தானா மூடும்' என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் வண்டியை எடுப்பதே இல்லை.

விரல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மூடி முடியும் கடைசிச் சில மில்லிமீற்றரில் பூட்டு மோட்டார் கதவை உள்ளே இறுக்கி இழுக்கும். அந்தக் கட்டத்தில் கையை உணரும் பாதுகாப்பு வேலை செய்யாமல் போகலாம். கதவு விளிம்பில் பிள்ளைகள் கை வைக்கவே கூடாது.

படி 5: ரெயிலும் ரப்பரும்

சமதரையிலும் பாதியில் நின்று திரும்பினால் அடுத்ததாகப் பார்க்க வேண்டியது கதவின் ரோலர்கள் ஓடும் கீழ் ரெயில். கதவை முழுக்கத் திறந்து, மெயின் சுவிட்சை ஓஃப் செய்துவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். சப்பாத்தில் ஒட்டி வந்த சேறு, தேயிலைத் தூள், கல், டர்பன்டைன் இலை, பைன் ஊசி, பிள்ளைகளின் டொஃபித் தாள் எல்லாம் அங்கே இருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் காய்ந்த சேற்றை உதிர்த்து, ஈரத்துணியால் துடைத்து, உலரவிடுங்கள். நடு ரெயிலையும் மேல் ரெயிலையும் மறக்க வேண்டாம். தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள், அந்தப் பக்கத்தில் வயர் போகும் சங்கிலி இருக்கும்.

ரோலருக்கும் பூட்டுக்கும் கையேடு சொல்லும் கிரீஸ், கொஞ்சம்தான். அதிகம் பூசினால் அதுவே அடுத்த மாத மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பருக்கு எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், ஊதிப் பிசுபிசுத்துவிடும்; சிலிக்கன் ஸ்பிரே அடித்துத் துடைத்துவிடுங்கள். பனிக்காலத்தில் ரப்பர் உடம்போடு ஒட்டிக்கொள்வதையும் அது குறைக்கும். கதவின் முன்விளிம்பில் இருக்கும் ரப்பர் பட்டை சாதாரண பீடிங் இல்லை, கையை உணரும் சென்சர். அது கிழிந்தாலும் உள்ளே ஈரம் போனாலும் கதவு காரணமில்லாமல் திரும்பும்.

மறையும் கைப்பிடி பனியில் ஒட்டினால் சுற்றிலும் கையின் பக்கவாட்டால் மெதுவாகத் தட்டினால் மெல்லிய பனி உடையும். கொதிநீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடிக்கும்.

காலை ஆட்டினால் திறக்கும் டிக்கி உள்ளவர்கள், பம்பருக்குக் கீழே சேறு படிந்தால் அது உணராது என்பதையும், கழுவும்போது தண்ணீர் பட்டாலே உணர்ந்து திறந்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி கழுவும்போது சாவியைத் தூரத்தில் வையுங்கள்.

படி 6: கதவுக்கு மறுபடி பாடம் சொல்லிக் கொடுப்பது

12 வோல்ட் பெட்டரியைக் கழற்றி மாற்றினாலோ, அது முழுக்கச் செத்துப் பிழைத்தாலோ, கதவு தன் எல்லைகளை மறந்துவிடும். எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று தெரியாமல் தானியங்கி வேலை நின்றுவிடும். பெட்டரிக் கடையிலிருந்து திரும்பும்போது கதவு வேலை செய்யவில்லை என்றால் அங்கே எதையோ உடைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

பல வாகனங்களில் முறை இது. சமதரையில் நிறுத்துங்கள். மெயின் சுவிட்சை ஓஃப் செய்து, கதவைக் கையால் பூட்டு விழும்வரை முழுக்க மூடுங்கள். சுவிட்சை ஓன் செய்யுங்கள். பட்டனால் முழுக்கத் திறக்கவிட்டு, இடையில் தொடாமல் முழுக்க மூடவிடுங்கள். டிக்கிக்கும் கையால் ஒருதரம் முழுக்க மூடுவதுதான் பெரும்பாலும் தொடக்கம். உங்கள் மொடலுக்கு வேறு முறை இருந்தால் கையேட்டில் 'ஆரம்பநிலைப்படுத்தல்' பகுதியில் இருக்கும். ஜப்பானிய மொழிக் கையேடு என்றால் ஃபோன் கமராவால் மொழிபெயர்த்து வாசிக்கலாம், நான் அப்படித்தான் செய்தேன்.

படி 7: கராஜுக்குப் போக வேண்டிய அடையாளங்கள்

கதவு ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சாகிறது, கொஞ்சம் அசைத்தால் உயிர் வருகிறது என்றால் வயர் உள்ளே முறிந்திருக்கிறது. திரும்பத் திரும்ப மடங்கும் இடத்தில்தான் முறியும். ஸ்லைடிங் கதவில் சங்கிலிக்குள், டிக்கியில் மேலே ரப்பர் குழாய்க்குள். கரகரவென்று அரைக்கும் சத்தம் கேட்டால் கேபிள் நைந்து சுருளில் சிக்குகிறது. அதற்குமேல் ஒருதரம்கூட பட்டனை அழுத்தாதீர்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக் கதவு அசையாவிட்டால் கேபிள் அறுந்துவிட்டது. சத்தமே இல்லை, பெட்டரி நல்லாயிருக்கிறது என்றால் ஃபியூஸ் அல்லது வயர்.

மோட்டாரைத் திணற வைப்பது எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2016 நவம்பரில் டொயோட்டா அமெரிக்காவில் சியன்னா வேன்களை, பெற்றோல் வேன்கள்தான், லட்சக்கணக்கில் திருப்பி அழைத்தது. தடைபட்ட ஸ்லைடிங் கதவை மோட்டார் இழுத்து, பாரம் கூடி ஃபியூஸ் எரிந்தால், பூட்டு விடுபட்ட நிலையிலேயே நின்று, ஓட்டத்தில் கதவு திறந்துகொள்ளலாம் என்பதுதான் காரணம். திறக்காத கதவின் பட்டனைக் கோபத்தில் பத்துத் தடவை அழுத்துபவர்களுக்கு இதை நான் எப்போதும் சொல்கிறேன்.

ஓட்டத்தில் கதவு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள். அந்தப் பக்கம் இருப்பவர்களை மறுபக்கம் மாற்றி பெல்ட் போட வையுங்கள். மெயின் சுவிட்சை ஓஃப் செய்து, கதவைக் கையால் மூடிப் பூட்டிவிட்டு, மெதுவாக நேரே கராஜுக்குப் போங்கள். பூட்டு விழவில்லை என்றால் ஆட்களை இறக்கிவிடுங்கள், அவர்களுக்கு வேறு வண்டி வரவழைக்கலாம்.

கராஜில் மெக்கானிக் பாஸிடம் முதலில் ஸ்கேனர் போட்டுக் கதவின் பிழைக் கோட் வாசிக்கச் சொல்லுங்கள். மோட்டார், கேபிள், பூட்டு மூன்றில் எது போனது என்று காட்டச் சொல்லுங்கள். பல வண்டிகளில் கேபிளும் மோட்டாரும் ஒரே தொகுதியாக வருவதால் முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய தொகுதி தேடுபவர்கள் சேசி நம்பரையும், இடதா வலதா என்பதையும் எழுதிக்கொண்டு போக வேண்டும், இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. கதவு வேலைக்கு உயர் அழுத்தப் பகுதியைத் தொட வேண்டிய தேவை இல்லை. 'மின்சாரக் கார், எனக்குப் பயம்' என்று சொல்லும் பாஸிடம் அதையும் சொல்லுங்கள், நல்ல ஓட்டோ எலக்ட்ரிஷன் யாரும் இதைச் செய்யலாம்.

எங்கள் வேனுக்குப் புது 12 வோல்ட் பெட்டரி போட்டு, ரெயிலைச் சுத்தம் செய்து, கதவுக்கு எல்லையைச் சொல்லிக் கொடுத்த பிறகு அது ஒழுங்காக ஓடுகிறது. பிள்ளைகள் வரும் நாளில் மட்டும் பிள்ளைப்பூட்டைப் போடுகிறேன், அவர்கள் இறங்கியதும் எடுத்துவிடுகிறேன். அத்தை இப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவார். ஏறியதும் முதல் வேலையாகப் பூட்டுக் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'சரி, எடு' என்பார்.